படகு கிளம்ப 12 நாள்: உடைந்த கடைவாய்ப்பல்லைக் காப்பதா, எடுப்பதா?

வள்ளவிளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 34 வயது. ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கிறவர். ஒருமுறை போனால் 30, 40 நாள் கழித்துத்தான் கரை காண்பார். கீழ் வலதுபுற முதல் கடைவாய்ப்பல்லில் இரண்டு வருடமாகச் சொத்தை. போன வாரம் முந்திரிக்கொத்தைக் கடித்தபோது பல்லின் ஒரு பக்கம் பெயர்ந்து வந்துவிட்டது. இரவில் வலி தூங்கவிடுவதில்லை. ஒரு மருத்துவர் ரூட் கேனல் செய்து, பல்லின் மேல் உறை போல மாட்டும் கேப் போடச் சொல்கிறார். கூடப் போகிறவர்கள் பிடுங்கிவிட்டு வரச் சொல்கிறார்கள். இன்னும் 12 நாளில் படகு கிளம்புகிறது. "சிமெண்ட், வெள்ளி, வெள்ளை அடைப்பு என்று பலதும் சொல்கிறார்கள். கேப்பிலும் பல வகை. எது நல்லது? இத்தனை நாளில் முடியுமா? என் ஏழு வயது மகளின் கடைசிப் பல்லிலும் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது, அதையும் சொல்லுங்கள்" என்பது அவருடைய கேள்வி.

அன்புச் சகோதரி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈறுக்கு மேலே பல்லின் சுவர் பாதிக்கு மேல் நிற்கிறதென்றால் அந்தப் பல்லைக் காப்பாற்றலாம். நாளைக்கே தொடங்கினால் 12 நாளில் முடிக்கவும் முடியும். விரிசல் வேர்வரை இறங்கியிருந்தால் எடுத்துவிடுவதுதான் வழி. அதையும் இந்த வாரத்திலேயே எடுக்க வேண்டும், கிளம்பும் முந்தின நாள் எடுக்கக் கூடாது. இரண்டில் எதுவானாலும் சரி, பாதி வேலையோடு மட்டும் அவரைக் கடலுக்கு அனுப்பிவிடாதீர்கள். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே அந்த ஒன்றுக்காகத்தான்.

மார்த்தாண்டத்தில் 22 வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து நேராக ஒருவர் வந்தார். கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில். இரண்டு நிமிடத்துக்கு ஒரு மிடறு வாயில் ஊற்றி, வலிக்கும் பக்கம் நிறுத்தி வைப்பார். தண்ணீர் சூடேறியதும் முகம் சுருங்கும். துப்பிவிட்டு அடுத்த மிடறு. மீன் அறையிலிருந்த ஐஸ் கட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே நான்கு நாள் ஓட்டியிருக்கிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல்லின் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. பற்கூழ் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். வழக்கில் நரம்பு என்கிறோம். அது வீங்கினால் விரிய இடம் இல்லை, சுற்றிலும் கல் போன்ற சுவர். படுக்கும்போது தலைக்கு இரத்த ஓட்டம் கூடும், உள்ளே அழுத்தமும் கூடும். அதனால்தான் இரவில் வலி எழுப்பிவிடுகிறது. சூடு பட்டால் கூடுவதும் குளிர்ச்சியில் அடங்குவதும், அந்த நரம்பு இனித் தேறாது என்பதற்கான அடையாளம்.

உங்கள் தம்பியிடம் ஒன்று கேளுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருக்கென்று இழுத்து, சில நொடியில் விட்டுவிடுகிறதா? அப்படியானால் நரம்பு இன்னும் பிழைத்திருக்கிறது, அடைப்பு மட்டுமே போதுமாக இருக்கலாம். சூடான சாயா குடித்து முடித்த பிறகும் நிமிடக்கணக்கில் விண் விண்ணென்று இடிக்கிறதா? அதற்கு எந்த அடைப்பும் பயன்படாது. மேலே எவ்வளவு உயர்ந்த பொருளை வைத்து மூடினாலும் வலி உள்ளே இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது வகை என்றே படுகிறது. கடைசியில் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்கிறேன்: இன்னும் சில நாளில் வலி திடீரென்று நின்றுபோகலாம். அப்போது "சுகமாகிவிட்டது, இனி மருத்துவர் எதற்கு" என்று அவர் சொல்வார். விட்டுவிடாதீர்கள். நரம்பு செத்துவிட்டது என்பதே அதற்குப் பொருள். அழுகல் வேர் நுனி வழியாக எலும்புக்கு இறங்கும். அடுத்து வருவது வீக்கம்.

ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் நரம்பு வலியை அது தீர்க்காது. வலி மாத்திரையை ஈறில் வைத்து அடக்குகிறவர்களும் உண்டு. ஈறு வெள்ளையாக வெந்துபோய் வருவார்கள். கிராம்புத் தைலம் வேறு விஷயம். மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளையும் நம் கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற எண்ணெய், நரம்பை உண்மையிலேயே சற்று மரக்க வைக்கும். துத்தநாக ஆக்சைடுடன் அதே யூஜினாலைக் குழைத்துத்தான் நாங்களும் தற்காலிக அடைப்பு வைக்கிறோம். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வரும் வாசம் பெரும்பாலும் அதுதான். பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழிக்குள் வைக்கலாம், ஈறில் படக் கூடாது. வைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் யூஜினால் பட்ட இடத்தில் வெள்ளை அடைப்பு சரியாக இறுகாது.

இனி அடைப்புகள். எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பல்லில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய குழி என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை.

வெள்ளி அடைப்பு என்பதில் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. எச்சில் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும், கடைவாயில் மெல்லும் அழுத்தத்தைத் தாங்கும், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அது பல்லோடு தானாக ஒட்டாது. அது பிடித்து நிற்க நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கும். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013ல் உருவான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது பின்னர் எடுத்த முடிவு. பழைய வெள்ளி அடைப்பு வாயில் நன்றாக இருந்தால் பயந்து தோண்டி எடுக்க வேண்டாம். புதிதாக வைக்க நான் இப்போது விரும்புவதில்லை.

சிமெண்ட் என்று சொல்வது கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்து இறுகும் கிளாஸ் அயனோமர். பல்லோடு வேதியியல் முறையில் தானே ஒட்டும், ஃபுளோரைடைச் சிறிது சிறிதாக வெளிவிடும். உமிக்கரியும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்த்ததில் நம் பெரியவர்களுக்குப் பல்லின் கழுத்தில் வெட்டுக் காயம் போலப் பள்ளம் விழுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த இடத்துக்கு இது அருமையான பொருள். பால்பல்லுக்கும் நல்லது. பெரிய கடைவாய்ப்பல்லின் மெல்லும் பரப்பில் நிரந்தரமாக வைத்தால் தேயும், உடையும்.

வெள்ளை அடைப்பு கம்போசிட். பிசினுக்குள் கண்ணாடித் துகள்கள் கலந்தது. பல்லில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடி பூசிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வரும். 1955ல் மைக்கேல் புவனோகோர் காட்டிய வழி இது. அதன்மேல் ஒட்டுப் பசை பூசி, 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்கு வைத்து, நீல விளக்கால் இறுக்கி, அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு ஒரே கட்டியாக அப்பினால் அடிப்பகுதி இறுகாது. எச்சிலோ இரத்தமோ ஒரு துளி பட்டால் ஒட்டாது. நன்றாகச் செய்த கம்போசிட்டும் அவசரத்தில் செய்த கம்போசிட்டும் அன்றைக்கு ஒரே மாதிரிதான் பளபளக்கும். வேறுபாடு இரண்டு வருடத்தில் ஓரத்தில் தெரியும்.

எச்சில் படாமல் காப்பதற்கு ஒரு பழைய, எளிய சாதனம் உண்டு. ரப்பர் டேம் என்று பெயர். 1864ல் சான்ஃபோர்டு பார்னம் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கியது. சதுரமான மெல்லிய ரப்பர் தாளில் துளையிட்டு, பல்லை மட்டும் அதன் வழியே வெளியே இழுத்து, கவ்வியால் பிடித்துவிடுவோம். பல் ஒரு பக்கம், வாய் முழுவதும் மறுபக்கம். சிரட்டையில் விடியற்காலை சொட்டும் அதே ரப்பர் பால்தான் இந்தத் தாளின் மூலப்பொருள். தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவருக்கு இதைக் கண்ணாடியில் காட்டியபோது, விரலால் தொட்டுப் பார்த்து, "இதற்கா நாங்கள் வெட்டுகிறோம்" என்று கேட்டார். மருத்துவரிடம் இதைப் போடுவீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ரூட் கேனலில் மெல்லிய ஊசி கை நழுவித் தொண்டைக்குள் போகாமலும், கழுவும் மருந்து நாக்கைச் சுடாமலும் காப்பது இதுதான்.

ரூட் கேனல் என்பதைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். நடப்பது இவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேலே ஒரு வாசல் திறப்போம். உங்கள் தம்பியின் பல்லுக்கு இரண்டு வேர். அதற்குள் வழக்கமாக மூன்று குழாய், சிலருக்கு நான்கு. நான்காவதைத் தேடாமல் விட்டுவிட்டால் பிற்பாடு அதுவே சீழ் வைக்கும். தலைமுடி கனத்தில் தொடங்கும் ஊசிகளால் குழாயைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவோம். ஊசி பாதி வேலையைத்தான் செய்கிறது. கிளைக் குழாய்களுக்குள் போவது அந்தக் கரைசல்தான். சுத்தமானதும் கட்டாபெர்ச்சா என்ற பொருளை வேர் நுனிவரை அடைப்போம். அதுவும் ஒரு மரத்தின் பால், மலேயா நாட்டு மரம். ரப்பரும் அதுவும் ஒரே மூலக்கூறுக் கண்ணிகளால் ஆனவை, கோத்த விதம் மட்டும் வேறு. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டது இதைத்தான். கடல் தண்ணீரை உள்ளே விடாத அந்தக் குணத்தைப் பல்லுக்குள் நாங்கள் பயன்படுத்துகிறோம்.

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் தவறுவது இதற்குப் பிறகுதான். வலி போய்விட்டது, பணமும் செலவாகிவிட்டது, கேப் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றுவிடுகிறார்கள். நரம்பு எடுத்த பல் காய்ந்துபோய் உடைகிறது என்று சொல்வார்கள். உண்மையில் அது உடைவது சுவர் போனதால். சொத்தை தின்றது ஒரு பங்கு, வாசல் திறக்க நாங்கள் வெட்டியது ஒரு பங்கு. மீதி நிற்கும் மெல்லிய சுவர், ஏத்தங்காய்ச் சிப்ஸை மெல்லும்போது பிளந்துவிடும். உலக்கைக்குப் பூண் எதற்குப் போடுகிறோம்? குத்தும்போது மரம் பிளக்காமல் சுற்றிப் பிடிப்பதற்கு. கேப் செய்வது அந்த வேலையைத்தான். பூண் பிடிக்க மரம் வேண்டும் அல்லவா? ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது சொந்தப் பல் இருக்க வேண்டும். அது இல்லாமல், வேருக்குள் கம்பி நட்டு, மேலே கம்போசிட்டால் ஒரு பல்லைக் கட்டி அதன்மேல் கேப் மாட்டினால், கேப்பும் கம்பியும் சேர்ந்து ஒருநாள் கையோடு வந்துவிடும். ஆகையால் மருத்துவரிடம் "எந்தக் கேப் நல்லது" என்று கேட்பதற்கு முன் "சொத்தையெல்லாம் எடுத்த பிறகு எவ்வளவு பல் மிஞ்சும்" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ரூட் கேனலுக்கே போக வேண்டாம்.

கேப்பின் வகைகளில் நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். முழு உலோகக் கேப் பார்க்க அழகில்லை, ஆனால் பல்லை மிகக் குறைவாகத்தான் தேய்க்க வேண்டும். கடைசிப் பல்லுக்கு இன்றும் நல்ல தேர்வு. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது நடுத்தர விலை. பீங்கான் சில்லு சில சமயம் தெறிக்கும். ஜிர்கோனியா வெள்ளை நிறம், கடினம், விலை கூடுதல். உங்கள் தம்பிக்கு முழு உலோகமோ முழு ஜிர்கோனியாவோ போதும். ஜிர்கோனியாவுக்கு 10 வருடம், 15 வருடம் என்று உத்தரவாத அட்டை தருவார்கள். அந்த அட்டை கேப்புக்குத்தான், அதற்கு அடியில் இருக்கும் பல்லுக்கு இல்லை. ஓரத்தில் சொத்தை விழுந்தால் எந்த அட்டையும் உதவாது.

12 நாள் கணக்குக்கு வருகிறேன். நாளை எக்ஸ்ரே, அன்றைக்கே குழாய்களைச் சுத்தம் செய்வது. சீழ் இல்லாவிட்டால் அன்றே அல்லது இரண்டு மூன்று நாளில் அடைத்து முடிக்கலாம். ஐந்தாம் நாள் பல்லின் உடைந்த மேல்பகுதியைக் கட்டி நிரப்பி, பல்லைத் தேய்த்து அளவெடுப்பது. ஆய்வகத்திலிருந்து கேப் வர வழக்கமாக நான்கைந்து நாள். பத்தாம் நாள் ஒட்டிவிட்டால், கடி உயரம் சரிபார்க்க இரண்டு நாள் கையில் இருக்கும். முதல் நாளே மருத்துவரிடம் கடலுக்குப் போகும் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஒருவேளை கேப் வராவிட்டால், குழாய்களை முழுமையாக அடைத்து, மேலே கம்போசிட்டால் உறுதியாகக் கட்டி, எதிர்ப்பல் அழுத்தாதபடி உயரத்தைக் குறைத்து அனுப்பலாம். அதோடு போய் வந்து கேப் போட்டவர்கள் என்னிடமே பலர் உண்டு.

பஞ்சு வைத்துத் தற்காலிக மருந்து பூசிய நிலையில் போகக் கூடாது. என்னிடம் முதல் அமர்வு முடித்த ஒரு தொழிலாளி, "திரும்பி வந்து மீதியைச் செய்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். போகாதே என்று சொன்னேன், அழுத்திச் சொல்லவில்லை. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. ஒன்பதாம் நாள் மருந்து பெயர்ந்து, தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல் ஆனது. படகு தொழிலை விட்டுவிட்டு இரண்டு நாள் ஓடிக் கொச்சியில் சேர்ந்தது. உயிர் பிழைத்தார். டீசலும் ஐஸும் பத்துப் பேரின் கூலியும் போயிற்று.

எடுக்கத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் வருத்தப்படாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது எடுத்துவிடுங்கள். எடுத்த குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் மருந்து. பீடி, சிகரெட் இழுத்தாலோ அடிக்கடி கொப்பளித்தாலோ அது பெயர்ந்து, மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை வலி பாயும். கடலில் அதற்கு வைத்தியம் இல்லை. இடைவெளியை அப்படியே விட்டால் வருடக்கணக்கில் பின்பல் சாயும், மேல்பல் இறங்கும். நிரப்ப மூன்று வழி: கழற்றி மாட்டும் பல், இரு பக்கத்துப் பல்லையும் தேய்த்துப் போடும் பாலம், தாடை எலும்பில் டைட்டானியம் திருகை நட்டு, சில மாதம் எலும்பு பிடித்த பிறகு மேலே பல் வைக்கும் இம்ப்ளாண்ட். பக்கத்துப் பற்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றைத் தேய்க்க எனக்கு மனம் வராது; பணம் சேரும்வரை காத்திருந்து இம்ப்ளாண்ட் போடுங்கள் என்பேன்.

செலவுக்கு வழியில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். பொறுமையாக, ஒழுங்காகச் செய்வார்கள், கட்டணமும் குறைவாக இருக்கும், ஆனால் பல அமர்வுகள் ஆகும். இந்த 12 நாளுக்கு அது ஒத்துவராமல் போகலாம். தம்பியின் வாயில் வேறு சொத்தைகள் இருந்தால், மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே போய் எல்லாவற்றையும் முடியுங்கள். படகில் நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட கட்டன் சாயா குடிக்கிறவருக்கு ஒரு சொத்தையோடு நிற்காது. ஒவ்வொரு மிடறுக்கும் பல்லின் மேல் அமிலம் ஊறும், அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த கிளாஸ் வந்துவிடுகிறது. சாயாவைச் சோற்றோடு சேர்த்துக் குடித்து, நடுவில் வெறும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இரவு ஃபுளோரைடு பற்பசையால் தேய்த்துவிட்டுப் படுக்கட்டும்.

உங்கள் மகளின் புள்ளி: ஏழு வயதில் கடைசியில் இருப்பது பெரும்பாலும் பால்பல் இல்லை. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமல், பின்னால் புதிதாக முளைக்கும் நிரந்தரப் பல் அது. விழுந்து முளைக்கும் என்று தாய்மார் நினைத்துவிடுகிறார்கள். இப்போது பார்த்தால் சிறிய கம்போசிட்டோ, பள்ளங்களை மூடும் பூச்சோ போதும். உங்கள் தம்பியின் வாயில் உடைந்திருப்பதும் அதே பல்தான். தம்பியோடு அவளையும் நாளைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிளம்பும்போது பையில் வைக்க இரண்டு விஷயம். ஒன்று, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள், சாப்பிட்ட பின் எத்தனை, எத்தனை நாள் என்ற குறிப்போடு. தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால், அல்லது நாக்கு மேலே தூக்கினால், மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு அருகிலுள்ள துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். இதைத் தம்பியிடம் மட்டும் சொன்னால் போதாது, படகை ஓட்டும் ஸ்ராங்கிடமும் சொல்லுங்கள். இரண்டாவது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களின் படம் கைபேசியில் இருக்கட்டும். எத்தனை குழாய் அடைத்தோம், மேலே என்ன வைத்தோம் என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொச்சியிலோ மங்களூரிலோ கரை ஏற நேர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவர் பல்லைத் திறந்து பார்க்காமலே நிலைமையைத் தெரிந்துகொள்வார்.